பதினாறரைக் கோடிக்குள் ஒரு டெர்பி

கொல்கத்தாவில் குடியேறும் தமிழனிடம் இந்த ஊர் கேட்கும் முதல் கேள்வி, மீன் சாப்பிடுவீர்களா என்பது. இரண்டாவது, கால்பந்தில் மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா என்பது. முதல் கேள்விக்கு இல்லை என்றால் பரிதாபப்படுவார்கள். இரண்டாவதற்கு அப்படிச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். "எங்கள் பக்கம் கிரிக்கெட்தான்" என்று கொஞ்ச காலம் நழுவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் விடவில்லை. கிழக்கு வங்கத்துப் பாரிசாலிலிருந்து வந்த குடும்பம் அவருடையது. ஆகவே பிறப்பாலேயே ஈஸ்ட் பெங்கால். அடுக்ககமே அவரைக் காக்கு என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் ஒருநாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "உன் ஊர்க்காரன் வந்துதானே எங்களுக்கு ஷீல்டு வாங்கிக் கொடுத்தான்? நீ எங்கள் கட்சிப்பா."

வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐவர்; பஞ்ச பாண்டவர் என்று மைதான் அவர்களைக் கொண்டாடியது. 1949, 1950, 1951 மூன்று ஆண்டும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. ஐவரும் தெற்கத்தியர்கள். காக்குவின் பூகோளத்தில் விந்தியத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் என் ஊர் என்பதால் அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு கிடைத்தது. நான் மறுக்கவில்லை.

அன்று ஆட்டக்காரனுக்குச் சம்பளம் என்று ஏட்டில் எழுதும்படி பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு வேலை வாங்கித் தருவார்கள், தங்க இடம் தருவார்கள், கையில் ஏதோ கொடுப்பார்கள். எழுபதுகளில், எண்பதுகளில் பணம் வளர்ந்தது. கூடவே கூத்தும் வளர்ந்தது. ஆட்டக்காரர்கள் அணி மாறும் பருவத்தை இங்கே 'தல்பதல்' என்பார்கள். கையெழுத்து நாள் வரும்வரை எதிர் கிளப்பின் கண்ணில் படாமல் ஆட்டக்காரனை யாராவது ஒரு ரசிகர் வீட்டு மாடியறையில் ஒளித்துவைத்து, வேளாவேளைக்குச் சோறு போட்டு, கடைசி நேரத்தில் காரில் ஏற்றி, மாநிலக் கால்பந்துச் சங்கமான ஐ.எஃப்.ஏ.யின் அலுவலகத்துக்கு ஓட்டிப்போவார்கள். காக்கு இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் பூரிப்பை எந்தக் கோலும் தராது. யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கிளப் பெரியவர்களின் மடியிலிருந்து வந்த பணம். கணக்கும் அங்கேயே இருந்தது.

என் பிழைப்பு டல்ஹௌசியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுவது. அதனால் எனக்குக் கால்பந்தில் ஆட்டம் பிடிபடுவதற்கு முன்பே கணக்கு பிடிபட்டது.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சம்பள உச்சவரம்பும் கூடவே வந்தது. ஒரு பருவத்தில் ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று ஒரு தொகை. பல பருவங்களுக்கு அது 16.5 கோடி ரூபாயாக இருந்தது, பிறகு 18 கோடியாக ஏறியது. ஆரம்ப ஆண்டுகளில் 'மார்க்கீ' நட்சத்திரங்கள் தனி வகை: சென்னைக்கு எலானோ, டெல்லிக்குத் தெல் பியேரோ, இங்கே அட்லெடிகோ டி கொல்கத்தாவுக்கு (பின்னாளில் ஏ.டி.கே.) லூயிஸ் கார்சியா. கூட்டம் சேர்க்க வந்த பெரிய பெயர்களை வரம்புக்குள் அடைத்தால் மிச்சப்பேருக்குச் சோறு கிடைக்காது என்பது அதன் நியாயம். அமெரிக்காவில் 2007-இல் பெக்காம் வந்தபோது இதே ஓட்டையைத்தான் விதியிலேயே எழுதிவைத்தார்கள். இங்கிலாந்தில் இன்னும் பழைய கதை: 1961 வரை ஆட்டக்காரனின் வாரச் சம்பளம் 20 பவுண்டைத் தாண்டக் கூடாது. தடை நீங்கிய கையோடு ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் நூறு பவுண்டு வாங்கினார். 2021-இல் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போனதற்கும் ஸ்பானிய லீக்கின் செலவு வரம்புதான் காரணம். ஆனால் அந்த வரம்பு கிளப்பின் வருமானத்தோடு ஏறி இறங்குவது. நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே எண்.

அந்த ஒரே எண்தான் காக்குவைத் தூங்கவிடாமல் செய்தது. 2020-இல் ஏ.டி.கே.வோடு இணைந்து மோகன் பகான் லீக்கில் நுழைந்தது. சில மாதங்களில் ஈஸ்ட் பெங்காலும் வந்தது. அதன் பிறகு 2025 வரை ஈஸ்ட் பெங்கால் முடித்த இடங்கள்: ஒன்பது, பதினொன்று, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. மோகன் பகானோ 2023-இல் லீக் கோப்பை, 2024-இல் லீக் கட்டத்தில் முதலிடத்துக்கான ஷீல்டு, 2025-இல் இரண்டும். "எல்லோருக்கும் ஒரே வரம்பு என்கிறாய். அப்புறம் அவன் மட்டும் எப்படி ஜெயிக்கிறான்?"

சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய வவுச்சரின் பின்பக்கம் கோடு இழுத்துக் காட்டினேன். இடப்பக்கம் வரம்புக்குள் வருவது: ஆட்டக்காரர் சம்பளம். வலப்பக்கம் வரம்புக்கு வெளியே நிற்பது: ஒரு வீரரை இன்னொரு கிளப்பிடமிருந்து வாங்கக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை, பயிற்சியாளர் சம்பளம், இளைஞர் அணிகள், பயிற்சித் திடல், மருத்துவர், ஆட்களைத் தேடிப் போகிறவர்களின் செலவு. இடப்பக்கம் இரண்டு கிளப்புக்கும் ஏறத்தாழ ஒன்றே. வித்தியாசம் முழுக்க வலப்பக்கத்தில். மும்பையிலிருந்து பூமோஸ், கேரளத்திலிருந்து சகல் அப்துல் சமத், மறுபடி மும்பையிலிருந்து அபுயா என்று மோகன் பகான் தொகை கொடுத்து ஆள் எடுத்த வரிசையைப் பார்த்தால் போதும். தஞ்சாவூர்க்காரனுக்கு இது புதிதல்ல. 1961 நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது, 1970-இல் அது 15 ஆனது. பண்ணைகள் அதற்குத் தக்கபடி பெயர் மாறிக்கொண்டன, நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே யாரும் விதியை மீறவில்லை. விதி இடப்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பணம் இருந்தால் மட்டும் ஜெயிக்க முடியாது. மோகன் பகான் ஆஸ்திரேலிய லீக்கைப் படித்துவைத்திருந்தது. ஆஸ்திரேலியா ஆசியக் கூட்டமைப்பில் இருப்பதால், ஆசிய வீரர் ஒருவர் கட்டாயம் என்ற விதி இருந்த ஆண்டுகளில் அங்கிருந்து வருகிறவர் அந்த இடத்துக்கும் பொருந்தினார். ஃபிஜியின் ராய் கிருஷ்ணா வந்ததும் அந்த லீக்கிலிருந்துதான். பெட்ராடோஸ், கம்மிங்ஸ், மெக்லாரன் எல்லோரும் அதே வழி. ஈஸ்ட் பெங்கால் அந்தக் காலத்தில் முதலீட்டாளரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. முதலில் க்வெஸ், பிறகு ஸ்ரீ சிமென்ட், 2022-இல் எமாமி. ஒவ்வொரு மாற்றத்திலும் அணி அமைக்கும் வேலை தாமதமாகத் தொடங்கும். கடைசியில் மிஞ்சியவர்களுக்கு அதே சம்பளம் கொடுத்து எடுப்பார்கள். வரம்பு ஒன்றுதான், வாங்கிய சரக்கு வேறு. இதைச் சொன்னபோது காக்கு காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

2024-இல் அவருக்கும் ஒரு மகிழ்ச்சி வந்தது. ஜனவரியில் சூப்பர் கோப்பை. ஆகஸ்டில் அன்வர் அலி. டெல்லி எஃப்.சி.யிலிருந்து கடனாக மோகன் பகானுக்கு ஆடிக்கொண்டிருந்த பின்காவல் வீரர், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலுக்கு வந்துவிட்டார். செப்டம்பரில் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் குழு அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் ஈஸ்ட் பெங்காலும் டெல்லி எஃப்.சி.யுமாகச் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி இழப்பீடு தரவேண்டும் என்றது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, அன்வர் ஆடினார். ஒரே ஓர் ஆட்டக்காரனுக்கு இழப்பீடு, ஓர் அணி முழுவதற்குமான ஆண்டுச் சம்பள வரம்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு! மாடியறையில் ஒளித்துவைத்த காலம் போய் வழக்கறிஞர் காலம் வந்திருக்கிறது என்றேன். காக்குவுக்கு அது பாராட்டாகவே பட்டது.

ஆனால் என்னைப்போல் மாதக் கடைசியில் சம்பளம் போடுகிறவனை உறுத்துவது வேறொன்று. ஹைதராபாத் அணி 2022-இல் சாம்பியன். வரம்புக்குள் நின்று, நல்ல பயிற்சியாளரை வைத்து, இளைஞர்களை வளர்த்து வாங்கிய கோப்பை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சம்பள பாக்கியால் ஆட்டக்காரர்கள் கூட்டமாக வெளியேறினார்கள், புதியவர்களைப் பதிவுசெய்ய ஃபிஃபா தடை போட்டது, கடைசியில் அணியே டெல்லிக்குப் போய் வேறு பெயரில் ஆடுகிறது. இங்கே முகமதன் ஸ்போர்டிங் 2024-இல் ஐ-லீக்கை வென்று மேலே வந்தது. மூன்று பெரிய கிளப்பும் ஒரே லீக்கில் என்று ஊரே குதித்தது. முதல் பருவத்திலேயே பாக்கிக்காக வீரர்கள் பயிற்சிக்கு வராமல் நின்ற செய்தியைப் படித்தோம். 16.5 கோடிக்கு மேலே கொடுக்காதே என்று சொல்ல ஒரு விதி இருந்தது. ஒப்புக்கொண்டதைத் தேதி தவறாமல் கொடு என்பதை உரிம விதிகள் சொன்னாலும், அதைக் கறாராக வசூலிக்க ஆளில்லை.

2025 ஜூலையில் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது, புதுப்பிக்க வழி தெரியவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு சம்பளத்தை நிறுத்தியது; நம் சென்னையின் எஃப்.சி.யும் அதே பாதையில் போனது. உரிமத்துக்கு டெண்டர் விட்டார்கள், ஏலம் கேட்க ஒருவரும் வரவில்லை. 2026 ஜனவரியில்தான் ஒன்றிய அமைச்சர் அறிவித்தார்: பிப்ரவரி 14 முதல், 14 அணிகள், ஒரே சுற்று. பல அணிகளில் வீரர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஆட வந்தார்கள். உச்சவரம்பு எவ்வளவு என்று அந்த மாதங்களில் யாரும் கேட்டதாக நினைவில்லை. அதைத் தொடுவதற்கே பணமில்லை.

ஜெர்மனியில் பருவம் முழுக்கச் செலவு செய்யக் கையில் காசு இருக்கிறதென்று காட்டினால்தான் கிளப்புக்கு உரிமம். இங்கேயும், ஒப்பந்தக்காரர் முன்பணம் கட்டுவதுபோல, ஆறு மாதச் சம்பளத்தையாவது வங்கி உத்தரவாதமாக வாங்கிக்கொண்டு அப்புறம் வரம்பைப் பற்றிப் பேசலாமே என்று காக்குவிடம் சொன்னேன். வவுச்சரைத் திருப்பி அதன் முன்பக்கத்தையும் ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும்," என்றார். "எங்களுக்கு ஒரு லெஃப்ட் பேக் மட்டும் வாங்கட்டும்."