சுவருக்கு உட்புறம்

நேப்பிள்ஸ் நகருக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் புனித ஜனுவாரியாரின் பேராலயத்தைத் தரிசித்து, வெசூவியஸ் எரிமலையைத் தொலைவிலிருந்து நோக்கிவிட்டு, உரோமைக்குத் திரும்பிவிடுகின்றனர். அப்பேராலயத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஃபொர்செல்லா என்னும் நெரிசல் மிகுந்த ஏழைமக்கள் பகுதி வருகிறது. அங்கேதான் மங்கள வார்த்தை அன்னையின் பெயரால் விளங்கும் அன்னுன்சியாத்தா ஆலயம் உள்ளது. 1757 இல் தீக்கிரையான பழைய ஆலயத்தின் இடத்தில் வான்வித்தெல்லி என்னும் கலைஞர் தொடங்கிய பணியை அவருடைய மகன் 1782 இல் முடித்தார். குவிமாடம் அழகியதே. நாம் காணச் சென்றதோ சுவரிலுள்ள ஒரு சிறு துவாரத்தை.

துவாரத்தின் உட்புறம் சுழலும் மரப்பெட்டி ஒன்று. வளர்க்க வகையற்ற தாய் தன் சிசுவை அதில் கிடத்திச் சுழற்றிவிடுவாள். உள்ளே காவலிருக்கும் பெண் எடுத்துக்கொள்வாள். ஒருவர் முகத்தை மற்றவர் பாரார். குழந்தையின் கழுத்தில் ஈயத்தாலான அடையாளம் கட்டப்படும். நாளும் நேரமும் உடுத்தியிருந்த கந்தலும் ஏட்டில் பதியப்படும். என்றேனும் தாய் தேடி வரக்கூடுமன்றோ! வளர்ந்துவிட்ட பிள்ளைகளையும் எண்ணெய் தடவி அத்துவாரத்தில் நுழைத்ததாக ஊரார் கூறுவதுண்டு. ‘அன்னையின் மக்கள்’ என்பதே இக்குழந்தைகளுக்கு வழங்கிய பெயர். அவர்களுக்கு இடப்பட்ட எஸ்பொசித்தோ என்னும் குடும்பப் பெயர் அந்நகரில் இன்றும் மிகுதி. பிற்காலத்தில் புகழ்பெற்ற சிற்பி ஜெமித்தோவும் 1852 இல் பிறந்த மறுநாளே இப்பெட்டியில் இடப்பட்டவரே. ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது: ஓராண்டு நிறையுமுன் மாண்ட சிசுக்கள் ஏராளம்.

1875 இல் பெட்டி மூடப்பட்டது. ஈராண்டு கழித்து அதன் காவலை ஓவியமாக்கினார் ஜொவாக்கினோ தோமா. 1836 இல் தென் இத்தாலியின் கலத்தீனாவில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், ஆறு வயதில் தந்தையையும் பின் தாயையும் இழந்தார். உறவினர் வீடு, துறவு மடம், ஏழையர் விடுதி என அலைந்து வளர்ந்தவர். 1886 இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலுக்கு ‘ஓர் அநாதையின் நினைவுகள்’ என்றே பெயரிட்டார். கரிபால்டியின் படையில் சேர்ந்து போரிட்டவர். குருக்களிடம் அவருக்கு அன்பு குறைவு. 1864 இல் திருச்சபையின் விசாரணை மன்றத்தைக் கடுமையாகத் தீட்டியவர். அத்தகையவர் சுழல்பெட்டியை வரையும்போது பழிப்பையும் ஏளனத்தையும் எதிர்பார்ப்போம். அவை அங்கே இல்லை.

அக்காலத்து இத்தாலிய ஓவியர் பலர் கன்னம் சிவந்த குழந்தைகளைப் பூனைக்குட்டியோடும் பழக்கூடையோடும் தீட்டி, வெளிநாட்டுச் செல்வர்க்கு விற்றனர். அவற்றில் குழந்தை ஒரு வீட்டு அலங்காரம். தோமாவின் வண்ணங்களோ சாம்பல் படிந்தவை. அழுது புலம்பும் தாயை அவர் நம்முன் நிறுத்தவில்லை. அவள் சுவருக்கு வெளியே இருக்கிறாள். சுவருக்கு உள்ளே, பெட்டி எப்போது சுழலுமோ எனக் காத்திருக்கும் எளிய பெண்களைத்தான் காட்டினார். கூலிக்குக் கண்விழித்த அப்பெண்களின் பெயர்களை வரலாறு பேணவில்லை. தம்மையும் அன்னியர் கைகள் ஏந்தி வளர்த்தன என்பதை அறிந்தவரன்றி வேறெவர் அவர்களை வரையத் துணிந்திருப்பார் என்று நமக்குத் தோன்றியது.

ஆலயத்தினின்று வெளியே வந்தபோது தெருவில் சிறுவர் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். பந்து துவாரத்தின் அருகே போய் மோதியது. ஒருவன் ஓடிச் சென்று எடுத்துக்கொண்டான்.