தோசைக்கல்லில் அயிலை

பெங்களூரில் மீன் உண்போர் அதன் பெயரை இரு மொழிகளில் அறிந்திருத்தல் நலம். நாம் அயிலை என்பதைக் கன்னடத்தார் பங்குடே என்பர். சென்னையிலிருந்து வந்தோர்க்கு அது கானாங்கெளுத்தி. அயிலை என்ற சொல்லோ மிகப் பழையது. உப்பு விற்றுப் பெற்ற நெல்லின் சோற்றிலே அயிலை இட்ட புளிக்குழம்பைச் சொரிந்து, கொழுமீன் துண்டத்தோடு தந்தைக்குப் படைக்கும் சிறுமியை அகநானூற்றின் 60-ஆம் பாட்டில் காண்கிறோம். அச்சொல்லை நம் பிள்ளைகள் கேளாமலே வளர்வது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆதலால் மீன் பொரிக்கும் மாலைகளில் பெயரையும் சேர்த்தே பரிமாறுகிறோம்.

மங்களூரும் சென்னையும் இங்கிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பனிக்கட்டியில் பயணம் செய்து வரும் மீனின் செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் இருந்தால்தான் வாங்குவோம். குடலும் செவுளும் நீக்கிக் கழுவியபின், ஈரம் போகத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதனைத்தான். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றைக் கெட்டிப் புளிக்கரைசலில் குழைத்து, கீறிய இடங்களிலும் தடவி அரைமணி நேரம் வைக்கிறோம். மங்களூரார் அதன்மேல் ரவையைப் புரட்டுவர். மொறுமொறுப்புக்கு அது நன்றே. எனினும் மீனின் சுவை நாடுவோர்க்கு அரிசிமாவு ஒரு கரண்டி போதும்.

ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில் தண்ணீர் 97 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாகும். எண்ணெய்க்கு அந்தக் குறையில்லை. இரும்புக்கல் நன்கு காய்ந்தபின் கடலையெண்ணெய் ஊற்றி, மீனை இட்டு, கையை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அடிப்புறம் சிவந்ததும் மீன் தானே கல்லை விட்டுவிடும். அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் கல்லோடு நின்றுவிடும்.

மணம் தெருவெங்கும் செல்லும். வேறு பகுதிகளில் வாடகைக்கு வீடு தேடியபோது, "மீன் சமைப்பீர்களோ?" என்ற கேள்வி கதவடியிலேயே நம்மை நிறுத்தியதுண்டு. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த ஒக்கலிபுரத்தில் அக்கேள்வி எழவில்லை. மினர்வா ஆலையின் பெயர் 1980-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சட்ட நூல்களில் நிலைத்துவிட்டது; ஆலையோ மூடிப்போயிற்று. மீன் மணம் மட்டும் இத்தெருக்களில் இன்றும் மாலைதோறும் எழுகிறது.

சோறும் ரசமும் இருந்தால் உணவு நிறைவு. கல்லில் கருகாமல் எஞ்சிய மசாலாவில் ஒரு பிடி சோற்றைப் புரட்டியெடுப்போம். அந்தப் பிடிக்குப் பிள்ளைகளிடையே இன்னும் போட்டிதான்.