உலக உருண்டைச் சந்தியும் எமது வீட்டு ரீவியும்

ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்குச் செய்தி என்பது பொழுதுபோக்கு அல்ல. புதிதாகக் குடியேறியிருக்கும் உங்களில் பலர் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே ரீவிக்கு இணைப்பு எடுத்திருப்பீர்கள். நாமும் அப்படித்தான். ஏ-9 பாதை மூடப்பட்ட 2006ஆம் ஆண்டின் கடைசியில், வேலை கிடைத்து ஓமானின் சோஹார் நகருக்கு வந்தோம்.

அந்நாட்களில் பிபிசி தமிழோசைதான் எமது மணிக்கூடு. ஊரில் இரவு 9.15 என்றால் இங்கே 7.45. அடுப்பை அணைத்துவிட்டு வானொலியைச் சுற்றி இருப்போம். செய்தியில் எமது உறவுகளின் பெயர் வராது, இடங்களின் பெயர்தான் வரும். 2009 மே வரை புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கேட்டுக் கேட்டு, யார் எங்கே நிற்பார்கள் என்று நாமே கணக்குப் போட்டோம். அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரலில் நின்றுபோனது.

பிறகு ஒரு நாள் நாம் இருக்கும் ஊரே உலகச் செய்தியானது. சோஹாரில் உலக உருண்டை வைத்த ஒரு சுற்றுவட்டம் அப்போது இருந்தது. 2011 பெப்ரவரியில் வேலையும் நல்ல சம்பளமும் கேட்டு ஓமானிய இளைஞர்கள் அங்கே கூடினார்கள். 27ஆம் திகதி உயிரிழப்பு ஏற்பட்டது. மறுநாள் பெரிய அங்காடி ஒன்று தீக்கிரையானது.

யாழ்ப்பாணத்திலிருந்து மாமி தொலைபேசி எடுத்தா. "பிள்ளையள், அங்கை பெரிய கலவரமாமே? மா, அரிசி இருக்கோ? பாஸ்போட்டுகளைக் கையோட வைச்சிருங்கோ." இவ்வளவு காலமும் நாம் அவவிடம் கேட்ட கேள்விகள் இப்போது எம்மிடம் திரும்பி வந்தன.

உயிர் போனது உண்மை. ஆனால் முழு நகரமும் எரியவில்லை. எமது தெருவில் ரொட்டிக்கடை திறந்திருந்தது. ரீவியோ அதே தீயைக் காலை முதல் இரவு வரை திரும்பத் திரும்பக் காட்டியது. அந்த இளைஞர்களைக் கலகக்காரர் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியவர்களும் உண்டு. எம்மையும் உலகம் பல வருடங்கள் ஒரே சொல்லில்தான் அறிந்திருந்தது. சுல்தான் காபூஸ் 50,000 பேருக்கு வேலையும், வேலை தேடுவோருக்கு மாதம் 150 ரியாலும் அறிவித்தார். அவர்கள் கேட்டது என்ன என்பது அந்த அறிவிப்பிலிருந்தே விளங்கும்.

அதன் பிறகு வீட்டில் ஓர் ஒழுங்கு வைத்தோம். செய்தி இரவில் ஒரு தடவை மட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்டால் ரீவியை நிறுத்திப் பதில் சொல்ல வேண்டும். செய்தி வந்த இடத்தில் தெரிந்தவர் இருந்தால் உடனே தொலைபேசி எடுக்க வேண்டும். மிச்ச நேரம் அம்மம்மாவின் தொடர் நாடகத்துக்கும் பிள்ளைகளின் பாட்டுக்கும்.

2021இல் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யை மகன் போட்டான். "எந்தப் படம்?" என்று அம்மம்மா கேட்டா. படப் பாட்டு இல்லை என்றதும் அவவுக்கு ஊர்ப் பொப்பிசை நினைவு வந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் படத்துக்காகப் பிறந்த பாட்டு அல்லவே! அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பின் இந்தியாவுக்குத் திரும்பியவர் என்று மகன் சொன்னான். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. எமக்கு அது வெறும் எண்ணாகத்தான் தெரிந்திருந்தது. அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் அந்த எண்ணுக்குள் இருந்த ஒரு பாட்டியை அறிந்தோம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நாலைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடுகிறோம். ஒரு கிற்றார் உண்டு, தாளத்துக்குக் கவிழ்த்த வாளி. துறைமுகத்தில் வேலை செய்யும் வன்னித் தம்பி ஒருவர் தானே கட்டிய பாட்டைப் பாடினார். 2009இல் வானொலியில் நாம் பயந்து பயந்து கேட்ட ஓர் ஊர்ப்பெயர் அதில் வந்தது. அன்று செய்தியில் அது போர்முனை. தம்பியின் பாட்டில் அங்கே ஒரு கிணறும் பூவரச மரமும் இருந்தன. அம்மம்மா இன்னொரு தடவை பாடச் சொன்னா.

செய்தியைக் கேளாதிருங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் ரீவியை நிறுத்தியபின், அந்த ஊரை அறிந்த ஒருவரின் குரலையும் பிள்ளைகள் கேட்கட்டும். உங்கள் வீட்டில் இதற்கு என்ன ஒழுங்கு? எழுதி அனுப்புங்கள்.