ஏற்காடு வளைவில் ஒரு டெஸ்ட் டிரைவ்

கார் வாங்கும் விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டினால் ஏற்காடு அடிவாரம். அங்கிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஷோரூமில் பளபளக்கும் எந்தக் காரின் குணமும் அந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும். ஆனாலும் பலர் பைபாஸில் நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா பறக்குது" என்று அட்வான்ஸ் கட்டிவிடுகிறார்கள்.

அப்படிக் கட்ட இருந்தது ஒரு சேலம் குடும்பம். வேலைக்குப் போகும் மகளுக்கு ஸ்போர்ட்டியான சின்னக் கார் மேல் ஆசை. பாதி அவள் சேமிப்பு, மீதி ஏழு வருட லோன். பைபாஸ் ஓட்டம் முடிந்து, போனில் பணம் அனுப்பும் நேரத்தில் அப்பா கேட்டார்: "கண்ணு, மாசம் ஒருக்கா அப்பாயியைக் கூட்டிட்டு ஏற்காடு போறமே, அந்த ரோட்டுல இது எப்படிப் போகும்?"

சேல்ஸ் பையன் தயங்கினான். "மேனேஜரைக் கேக்கணும் சார்." கேட்டதில், எட்டாவது வளைவு வரை போய்த் திரும்பலாம் என்று அனுமதி வந்தது. மகளின் லைசென்ஸைச் சரிபார்த்துக்கொண்டு, ஒரு வார நாளில் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். பின்சீட்டில் அப்பாயியும் சேல்ஸ் பையனும். அப்பாயியைக் கூட்டிக்கொண்டு போனதுதான் அன்றைக்குச் செய்த புத்திசாலித்தனம்.

இந்த வகைக் கார்களின் பெருமையே வளைவில்தான் பிறந்தது. 1964-ல் மான்டி கார்லோ ராலியில் ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் ஓடி, பெரிய பெரிய இன்ஜின் கார்களை முந்தி ஜெயித்தது குட்டி மினி கூப்பர். இப்போது நம் ஊரிலேயே தயாராகிறது அந்த ரகம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் உருவாகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் வெறும் 1 லிட்டர் டர்போ இன்ஜினில் 120 பி.எஸ். திறன் தருகிறது, டாடாவின் அல்ட்ரோஸ் ரேசரும் அதே 120 தான். காகிதத்தில் எல்லாம் ஜோர்.

அடிவாரத்துச் சோதனைச் சாவடி தாண்டியதும் மூங்கில் நிழல். கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் குரங்குகள். கூட வந்த பையன் பாட்டை வைக்க, "தம்பி, அதை நிறுத்துங்க, வண்டிச் சத்தம் கேக்கணும்" என்றார் அப்பா.

முதல் கொண்டை ஊசி. மகள் இரண்டாவது கியரிலேயே திருப்பினாள். பைபாஸில் பாய்ந்த கார், வளைவின் நடுவில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தும் ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திடீரென்று துள்ளியது. கோளாறு எதுவுமில்லை. டர்போவைச் சுழற்றுவது இன்ஜினின் புகை. வேகம் குறைந்து இன்ஜின் சுற்று 1,500-க்குக் கீழே இறங்கினால் புகையின் அழுத்தம் போதாது. பைபாஸில் சுற்று அவ்வளவு இறங்குவதே இல்லை. நாலு பேர் பாரம், ஏ.சி., ஏற்றம், வளைவு எல்லாம் சேரும்போதுதான் இது தெரியும். இரண்டாவது வளைவில் அவள் முதல் கியருக்கு மாற்றினாள். கார் சொன்ன பேச்சைக் கேட்டது.

நாலாவது வளைவில் மேலிருந்து அரசுப் பேருந்து. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. மலைப்பாதையில் அந்த விதியை ஹாரன்தான் எழுதுகிறது. ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் பின்னால் நழுவவில்லை. இரண்டு விநாடி தானாகப் பிடித்துக்கொண்டது. அப்பா முகத்தில் அப்போதுதான் முதல் சிரிப்பு.

அடுத்த வலது வளைவில் வேறு பிரச்னை. கண்ணாடியை ஒட்டிய தடித்த தூண், எதிரே இறங்கிய பைக்கை முழுசாக மறைத்துவிட்டது. மகள் சீட்டை இரண்டு கட்டம் உயர்த்திக்கொண்டு, தலையைச் சற்று முன்னால் நீட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பரவாயில்லை. ஸ்டீயரிங்கில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. திருப்பின இடத்தில் திரும்பியது, வளைவில் சாயவே இல்லை. இருபது வருடப் பழைய காரில் அதே இடத்தில் கதவில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சாயாமல் இருப்பதற்கு விலை உண்டு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இறுக்கம், டயரின் பக்கவாட்டு உயரம் குறைவு. ஆறாவது வளைவுக்கு முந்தைய பேட்ச் ரோட்டில் ஒவ்வொரு குழியும் பின்சீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"அப்பாயி, எப்படி இருக்கு?"

"பொட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு சாமி. ஜன்னல் இத்தனூண்டு. வயித்தைப் பிரட்டுது."

முன்சீட்டு இருவருக்கும் வளைவு விருந்து. பின்னால் இருப்பவருக்கு அது எலுமிச்சம்பழம் தேடும் நேரம். தாழ்ந்து இறங்கும் கூரை, மேலேறிக் குறுகும் ஜன்னல், உள்ளே எல்லாம் கறுப்பு. வெளியே நின்று பார்த்தால் அழகு கூட்டுகிற அதே கோடுகள்தான் இவை. விளம்பரத்தில் பின்சீட்டில் பாட்டி உட்கார்ந்து யாராவது பார்த்ததுண்டா?

எட்டாவது வளைவில் ஓரமாக நிறுத்தினார்கள். கீழே சேலம் வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. காற்றில் லேசான குளிர். அப்பாயி இறங்க ஒரு கையும் ஒரு தோளும் தேவைப்பட்டன. சீட் தாழ்வு; முழங்கால் வலிக்காரருக்கு அது கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி.

இறக்கத்தில் அப்பா ஓட்டினார். ஏறிய அதே கியரில் இறக்கி, பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டார். அப்பாயி முன்சீட்டில். ஜன்னலைத் திறந்துவிட்டு, குரங்குகளை எண்ணிக்கொண்டு வந்தார். பிரட்டல் நின்றுவிட்டது. அடிவாரத்து வேகத்தடையில் மட்டும் காரின் அடிப்பக்கம் 'டர்ர்' என்று ஒருமுறை உரசியது. "ஆள் நிறைய இருந்தா குறுக்கால ஏத்தணும் சார்" என்றான் பையன். ஷோரூமில் இதை அவன் சொல்லவில்லை. அங்கே யாரும் கேட்கவுமில்லை.

இளநீர்க் கடையில் நின்றபோது மகளுக்கு அந்தக் காரை விடவும் மனசில்லை, அப்பாயியை வீட்டில் விட்டுவிட்டு ஏற்காடு போகவும் மனசில்லை.

"ஆட்டோமேட்டிக் டெமோ வண்டி இருக்கா?" என்று கேட்டாள். "அப்படியே, இதே கம்பெனியில கொஞ்சம் உசரமான வண்டி ஒண்ணும். ரெண்டையும் இதே ரோட்டுல ஓட்டணும்."

"ஞாயித்துக்கிழமை கூட்டமா இருக்கும் மேடம், செவ்வாய்க்கிழமை வரீங்களா?"

"செவ்வாய்க்கிழமையா?" அப்பாயி இளநீரைக் கீழே வைத்தார். "நானும் வர்றேன். முன்னாடி சீட்டு எனக்கு."