வீடும் ஸ்டுடியோவும் நாலு சக்கரத்தில்!

தாம்பரத்துக்காரர்களிடம் ‘ஜிஎஸ்டி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது வரி அல்ல, சாலை. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. முகூர்த்த நாளில் விடிகாலை நாலு மணிக்கு அந்தச் சாலையோர டீக்கடைகளைப் பாருங்கள். கேமரா பை, லைட் ஸ்டாண்ட் சகிதம் கல்யாண போட்டோகிராபர்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

குரோம்பேட்டையில் காலை முகூர்த்தம், கூடுவாஞ்சேரியில் மாலை ரிசப்ஷன், நடுவில் கோவளம் கடற்கரையில் இன்னொரு ஜோடிக்கு அவுட்டோர். பாதி நாள் வண்டியிலேயே போய்விடுகிறது. ‘பேசாமல் வேனிலேயே குடியிருந்தால் வாடகை மிச்சமாகுமே’ என்று யாருக்கும் தோன்றும்.

புது யோசனை இல்லை இது. 1855-ல் கிரிமியப் போரைப் படமெடுக்கப் போன ஆங்கிலேயர் ரோஜர் ஃபென்டன், ஒயின் வியாபாரி ஒருவரின் வண்டியை வாங்கி இருட்டறையாக மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. வெயில் ஏற ஏற வண்டிக்குள் நிற்பதே பெரும்பாடாகிவிட்டது. வெளிர் நிற வண்டி என்பதால் ரஷ்ய பீரங்கிகளுக்கும் அது குறியாயிற்று!

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார்.

இன்று இருட்டறை தேவையில்லை. வெயில் மட்டும் அப்படியே இருக்கிறது. கத்திரி வெயிலில் மூடிய வேன் அடுப்பாகிவிடும். பேட்டரி, லேப்டாப் எதையும் உள்ளே விட்டுப் போக முடியாது. கடற்காற்றின் ஈரம் லென்ஸில் பூஞ்சையாகப் படியும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் அரிசி, பருப்பு மாதிரி அத்தியாவசியம்.

ஆனால் வண்டியில் இருப்பவருக்கு விடியல் சொந்தம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், குளிர்காலக் காலையில் பறவைகள் இறங்கும்போது அங்கே இருக்கலாம். இன்னொரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் முதல் வெளிச்சத்தைப் பிடிக்கலாம்.

சிக்கல் காகிதத்தில் தொடங்குகிறது. வேனுக்குள் கட்டில், அடுப்பு என்று இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆர்.சி. விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது, ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் அந்த இன்னொரு ஜிஎஸ்டியும் வந்துவிடும். அதற்குத் தொழில் நடக்கும் முகவரி கேட்பார்கள். ‘டிஎன் 11’ நம்பர் பிளேட் முகவரி ஆகாது.

பிறகு மழை. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தெருவில் படகு ஓடியது. வீட்டில் இருந்தவர்கள் மாடிக்கு ஏறினார்கள். வேனுக்கு மாடி கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வண்டியை எந்த மேட்டில் நிறுத்துவது என்பதே தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் குறைவு. அந்த மாதம் பார்த்து கியர் பாக்ஸ் மக்கர் செய்தால், தொழிலும் வீடும் ஒரே நாளில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். வாடகை மிச்சம் என்று கணக்குப் போடும்போது விட்டுப்போகும் வரி இதுதான்.

டிரைப்புக்கும் அதுதான் நடந்தது, வேறு விதத்தில். 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவலியன், புகைப்பட வேலையை வீண் செலவென்று நிறுத்தச் சொன்னார். மாட்டு வண்டிப் பயணம் அதோடு முடிந்தது. படங்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

அதனால் வேனில் வாழ ஆசைப்படுகிறவர் இரண்டு விஷயங்களை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ சொந்தக்காரர் வீட்டில் ஒரு சின்ன அறையும் அதன் முகவரியும். இன்னொன்று, எடுத்த படங்களின் ஒரு பிரதி. ஊரார் வீட்டுத் தாலி கட்டும் நிமிஷம் அதில் இருக்கிறது. வண்டி போனால் வாங்கிக்கொள்ளலாம். அந்த நிமிஷம் திரும்ப வராது.