ஒன்று விழுந்தால் எல்லாவற்றையும் நிறுத்துவது ஏன்?



"ஒரு ஹெலிகாப்டர் விழுந்ததுக்கு எல்லாத்தையும் ஏன் சார் நிறுத்தினாங்க?" என்று கொக்கிலமேட்டில் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். மாமல்லபுரம் கடலில் மீன் பிடிப்பவன். படகு கவிழ்ந்தால் தேடி வருவதும் அந்த மாதிரி ஹெலிகாப்டர்தான். அதனால் கேட்கிறான்.

2025 ஜனவரி 5 அன்று போர்பந்தர் விமான நிலைய ஓடுபாதையில் கடலோரக் காவல் படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. மூன்று பேர் இறந்தார்கள். மேலே சுழலும் இறக்கைகளின் கோணத்தை மாற்றும் 'ஸ்வாஷ் பிளேட்' முறிந்திருந்தது. அது முறிந்தால் விமானியின் சொல்லை ஹெலிகாப்டர் கேட்காது.

அதே பாகம்தான் மற்ற துருவ்களிலும். எனவே முப்படைகளையும் சேர்த்து சுமார் 330 ஹெலிகாப்டர்கள் நிறுத்தப்பட்டன. ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் மே மாதம்தான் அனுமதி கிடைத்தது; கடற்படையும் கடலோரக் காவல் படையும் மேலும் காத்திருந்தன.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்தார்கள், பழுதானவற்றை இடித்தார்கள். பல ஊர்களில் பிள்ளைகள் மரத்தடியில் படித்தார்கள். சிரமம்தான். ஆனால் அடுத்த சுவர் விழும்வரை காத்திருக்க முடியுமா?

நிறுத்தியது சரி. நிறுத்திய நாட்களில் கடலுக்குப் போகிறவர்களைக் காக்க மாற்று ஏற்பாடும் வேண்டும். அதைக் கேட்பது உன் உரிமை தம்பி. ஹெலிகாப்டர் வந்தாலும் வராவிட்டாலும், லைஃப் ஜாக்கெட் போடாமல் படகு ஏறாதே.