கட்டுரை நோட்டுகள்: சில குறிப்புகள்

கடலையே பார்க்காத பிள்ளைகள் கடற்கரையில் மாலைப் பொழுதைக் கழித்திருக்கிறார்கள். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் வட்டாரத்துப் பழைய கட்டுரை நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் 'கடற்கரையில் ஒரு மாலை' இல்லாத நோட்டு அபூர்வம். இங்கிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடல் வெகு தூரம். ஆனாலும் சுண்டல் விற்கிறது, அலை காலை நனைக்கிறது, மெரினாவில் சூரியன் கடலுக்குள் மூழ்குகிறது. மெரினா கிழக்குக் கடற்கரை. அங்கே சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குள் மறையும். ஆனால் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு 'சரி' விழுந்திருக்கிறது. தினம் சாயங்காலம் மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த பையன், மலையில் இறங்கும் சூரியனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை.

*

இந்த நோட்டுகள் உறவு வீடுகளிலும் தெரிந்த வீடுகளிலும் கேட்டு வாங்கியவை. 1950களின் கடைசியிலிருந்து 80களின் நடு வரை. தமிழ்க் கட்டுரை அதிகம், வரலாறும் அறிவியலும் கொஞ்சம். எழுதியவர்களில் பலர் அதற்குப் பிறகு கடிதமும் கடன் பத்திரமும் தவிர வேறெதுவும் எழுதியவர்கள் அல்லர். ஆகவே ஒரு தலைமுறையின் எழுத்து என்று இந்தப் பள்ளத்தாக்கில் தேடினால் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். பாடல் எழுதியவர்களையும் படம் எடுத்தவர்களையும் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். அவர்கள் விஷயத்தில் எங்கள் பக்கம் குறைவே கிடையாது.

*

அட்டை கிழிந்து ஆண்டு தெரியாத நோட்டுகள் நிறைய. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 'நயா பைசா' என்று எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் இடைப்பட்டது. அதன் பிறகு 'நயா' போய்விட்டது. சென்னை மாநிலம் என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது. தூரம் மைலிலா கிலோமீட்டரிலா என்பது அவ்வளவு நம்பத் தகுந்தது அல்ல. எங்கள் ஊரில் இன்னும் மைல்தான். எழுத்து நன்றாக உதவும். லை, னை, ணை மூன்றும் தும்பிக்கை தூக்கி நின்றால் பழையது. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. 1980ஆம் ஆண்டு நோட்டு ஒன்றில் பிள்ளை புது எழுத்தில் எழுத, திருத்திய வாத்தியார் பழைய எழுத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார். யாரும் யாரையும் தப்புச் சொல்லவில்லை.

*

முன்னுரை, பொருளுரை, முடிவுரை. இடையில் பொட்டுப் போல உபதலைப்புகள், அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. இதற்கு முன்னால் 'குறிப்புச் சட்டகம்'. கட்டுரை நன்றாக இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம், சட்டகம் இருக்கிறதா என்பதே முதல். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுதிய தமிழ்ப் பாட உரையைப் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட, அது தமிழ்நாடு முழுக்கப் போனது. கோனார் உரையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாத்தியாருக்கே தட்டுப்பாடான ஊர்களில் அந்தப் புத்தகம்தான் வாத்தியார். உரையைப் படித்துப் பாடத்தைப் புரிந்துகொண்டவர்கள் பிழைத்தார்கள். அதே பழக்கத்தில் கட்டுரையையும் மனப்பாடம் பண்ண விட்டதுதான் வினை. திருநெல்வேலியிலும் திருத்தணியிலும் தேவாரத்திலும் ஒரே காந்தி, ஒரே நேரு, ஒரே மெரினா.

*

பெரியாறு அணைக் கட்டுரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

நோட்டுகளில் வரும் செய்திகள் இவை: திருவிதாங்கூர் மகாராஜாவுடன் 1886 அக்டோபர் 29இல் 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் வேலை தொடக்கம். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறப்பு. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரை. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழும் ஆற்றை மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் வழியே கிழக்கே திருப்பி, சுருளியாற்றோடும் வைகையோடும் சேர்த்த வேலை. எல்லாம் சரி. மதிப்பெண்ணும் ஏழுக்குக் குறையாமல் விழுந்திருக்கிறது.

எழுதாமல் விட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலாவது, செத்தவர்கள். மலேரியாவிலும் காலராவிலும் அந்தக் காட்டில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். மண் சுமக்கப் போய்த் திரும்பாத பூட்டனைப் பற்றிக் கிழவிகள் பேசும் வீட்டுப் பிள்ளையின் கட்டுரையில் அந்தப் பூட்டன் கிடையாது. இரண்டாவது, தண்ணீர் யாருக்கு என்பது. கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல். ஆற்றை ஒட்டிய ஊர்களின் கதை அது. பண்ணைப்புரம் மலையடிவாரம். அன்றைக்கு இங்கே கிணறும் மானாவாரியும்தான். பதினெட்டாம் கால்வாய் வந்ததெல்லாம் பிற்பாடு. கட்டுரையில் மட்டும் எல்லோர் வயலும் செழித்துக் கிடக்கிறது. ஒரே ஒரு பையன், எங்கள் ஊருக்கு அந்தத் தண்ணீர் வராது என்று முடிவுரையில் ஒரு வரி சேர்த்திருக்கிறான். சிவப்பு மை அதை அடித்துவிட்டு, 'தேவையில்லை' என்று எழுதியிருக்கிறது.

மூன்றாவது, பென்னிகுக். பழைய நோட்டுகளில் அவருக்கு ஒன்றிரண்டு வரிகள்தான். கர்னல், பொறியாளர், அவ்வளவு. இப்போதைய பிள்ளைகளின் கட்டுரையில் அவர் இங்கிலாந்துச் சொத்தை விற்று அணையைக் கட்டி முடிக்கிறார். அணை மதராஸ் அரசின் பணத்தில் கட்டியது என்பதே ஆவணக் கணக்கு. பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளான ஜனவரி 15இல் பொங்கல் வைக்கிறார்கள், வீட்டுக்கு வீடு படம் இருக்கிறது, லோயர்கேம்பில் 2013இல் மணிமண்டபமும் வந்துவிட்டது. அந்த நன்றியில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் எட்டாண்டு காட்டில் கிடந்து, வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை மறுபடி கட்டிய ஆளுக்குச் சொத்து விற்ற கதை அதிகப்படியான நகை. அந்த வேலையே போதும்.

*

இலக்கியக் கட்டுரையில் சிலப்பதிகாரத்துக்கு முதலிடம். புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டம் பிரித்து எழுதியிருக்கிறார்கள். மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரை ஓரமாக மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்று பதினாலாம் நாள் விண்ணேறினாள் என்பது காப்பியம். வையைக் கரையில் மேற்கே நடந்தால் வருவது எங்கள் சீமை. கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் மங்கலதேவி கோயில்; சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறப்பு. தஞ்சைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தேடிப் பிடித்து வந்து, 1963இல் இதுதான் அந்தக் கோட்டம் என்றார். நோட்டுகளில் இது இல்லை. 63க்குப் பிந்திய நோட்டுகளிலும் இல்லை. பௌர்ணமிக்கு மலையேறிப் போய்விட்டு வந்த களைப்பில் மறுநாள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து சேர நாட்டு வஞ்சியைப் பற்றி எழுதினார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

*

'எனது செல்லப் பிராணி'. நாய் நன்றியுள்ளது, நான்கு கால் உடையது. பக்கத்து ஊர்ப் பெயரிலேயே ஒரு நாய் இனம் இருக்கிறது, கோம்பை நாய். ஒரு நோட்டிலும் குரைக்கவில்லை. (2005இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கோம்பைக்குக் கிடைக்கவில்லை. கட்டுரை எழுதாத பாவமோ என்னவோ.)

*

அறிவியல் கட்டுரைகளில் 1969 காலாண்டுத் தேர்வு ஒரு திருவிழா. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், கீழே இறங்காமல் சுற்றிக்கொண்டிருந்த காலின்ஸ் வரை மூன்று பெயரும் பிழையில்லாமல். ரேடியோவில் கேட்டதும் நாளிதழில் பார்த்ததும் உரைப் புத்தகத்தில் வர நாளாகும் அல்லவா, அதனால் பிள்ளைகள் சொந்தமாக எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு தலைப்பில் மட்டும் ஒருவர் கட்டுரை மற்றவர் கட்டுரை போல இல்லை. ஒரு பையன் நிலாவில் தண்ணீர் இல்லை என்பதைப் படித்துவிட்டு, அப்படியானால் அங்கே விவசாயம் எங்கள் பக்கத்து மானாவாரியைவிட மோசம் என்ற பொருளில் எழுதியிருக்கிறான். சேகரத்தில் இதுதான் எனக்குப் பிடித்த வரி.

'மின்சாரத்தின் பயன்கள்' சிம்னி விளக்கில் எழுதியது. லோயர்கேம்ப் மின் நிலையம் 50களின் கடைசியிலேயே ஓட ஆரம்பித்தாயிற்று. கம்பி எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. தாளின் மூலையில் எண்ணெய்க் கறை.

*

வரலாறு என்ற பெயரில் அரசியல் மாறுவது நோட்டில் உடனே தெரிகிறது. முதலில் ஐந்தாண்டுத் திட்டங்கள். 1975 ஜூலைக்குப் பிறகு இருபது அம்சத் திட்டம். ஒரு நோட்டில் பதினேழு அம்சம் வரை எழுதி மூன்று வரி காலி விட்டிருக்கிறது. 77க்குப் பிறகு அந்தத் தலைப்பே நோட்டுகளில் காணோம். தி.மு.க. ஆட்சிக்கு வந்த 67க்குப் பிறகு நடையும் மாறுகிறது: எதுகை, மோனை, அடுக்குத் தொடர். நெல் சாகுபடிக் கட்டுரையைக்கூட மேடைப் பேச்சாக முடித்திருக்கிறார்கள். அதைக் கேலி பண்ணத் தேவையில்லை. வாத்தியார் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகள் தாங்களாகப் பழகிக்கொண்ட நடை அது ஒன்றுதான்.

*

மாணவர் எழுதினார் என்பதால் சின்ன விஷயம் ஆகிவிடாது. சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது ஒளி விளிம்பில் வளைந்து விழும் பட்டைகளைப் பற்றி எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் லண்டன் 'பிலசாபிகல் மேகஸி'னில் வந்தது. வயது பதினெட்டு. அதே காலத்தில் ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறி உதவித்தொகையை இழந்தார். முன்னவர் தன் கண்ணால் பார்த்ததை எழுதினார், பின்னவர் கொடுத்த தலைப்பில் எழுத வேண்டியிருந்தது. கட்டுரைத் தாளை வைத்து ஒருவரின் மூளையை எடை போடுவதில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை.

*

பெண் பிள்ளைகளின் நோட்டு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பையன்களின் நோட்டில் இடைவெளி வேறு மாதிரி: ஜூலையில் ஒரு கட்டுரை, அடுத்தது நவம்பரில். நடுவில் சிவப்பு மையில் 'வரவில்லை'. ஏலக்காய் எடுக்கும் காலம். கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போன மாதங்கள். அந்த மலையில் அட்டை கடித்ததையும் குளிரில் கிடந்ததையும் பற்றி எழுதியிருந்தால் ஒவ்வொன்றும் நல்ல கட்டுரை ஆகியிருக்கும். தலைப்பில் அது இல்லை.

விதிவிலக்கு வீரபாண்டித் திருவிழா. 'நான் கண்ட திருவிழா' என்று கொடுத்துவிட்டால் சட்டகம் உடைகிறது. தீச்சட்டி, ராட்டினம், கையில் ஒட்டும் பஞ்சு மிட்டாய், தொலைந்துபோன தங்கச்சி, அப்பாவிடம் வாங்கிய அடி. எழுத்துப் பிழைகளும் இங்கேதான் அதிகம். பார்த்து எழுத உரை இல்லையே.

*

இப்போது பண்ணைப்புரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இளையராஜா ஒரு தலைப்பு. 1943இல் பிறந்தார், பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரிக் குழுவில் சேர்ந்தார், 1976இல் 'அன்னக்கிளி', 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி. பரவாயில்லை, ஒருவழியாக ஊர் தலைப்புக்குள் வந்துவிட்டது. ஆனால் அதுவும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. பாவலர் பாடிய கட்சி மேடைகளை நேரில் கேட்ட கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தால் என்ன?

*

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் சேர்த்தார். அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். இன்றைக்குச் சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆய்வு நூலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது. கட்டுரை நோட்டைச் சேர்க்க அப்படி ஒருவர் எங்கள் மாவட்டத்துக்கு வேண்டும்.

அதுவரை உங்கள் வீட்டு நோட்டை எடைக்குப் போடாதீர்கள். கிலோவுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது? பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எழுதியவர் அப்பாவாகவோ அத்தையாகவோ உயிரோடு இருந்தால், நோட்டை மடியில் வைத்து, இதில் எழுதாமல் விட்டது என்ன என்று கேளுங்கள். அதை நீங்கள் எழுதுங்கள்.